நீலமாகிப் போன பச்சை டிங்கி

மூன்று வருடங்களுக்கு முன், மழை தொடங்கும் சமயம். அந்தமானில், போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியில் எனக்கு ஒரு சின்ன போட்டோக் கடை. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், ஐ.டி. கார்டு என்று ஓடும். கணவருக்கு ஹேடோவில் துறைமுக வேலை என்பதால் கடையை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம், வடக்கே ரங்கத் என்ற ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பெண் கடைக்குள் நுழைந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அவள் கணவரும் தம்பியும் சனிக்கிழமை விடிகாலையில் டிங்கியில், சின்ன மோட்டார் படகில், மீன் பிடிக்கப் போனவர்கள், திரும்பவில்லை. மோட்டார் நின்றுபோயிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். போலீசில் சொல்லியாயிற்று, தேடுகிறார்கள். ஆனால் கடலுக்குள் போகிற மீன்காரர்களுக்கு அங்கே சிக்னல் கிடையாது. போனில் படம் அனுப்பிப் பயனில்லை. அதனால் சாயங்காலம் படகுகள் கிளம்புவதற்குள் ஜங்லிகாட் ஜெட்டியில் ஒவ்வொரு படகிலும் ஒரு காகிதமாவது கொடுத்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

அவள் போனில் படம் தெளிவாகவே இருந்தது. கரையில் நிற்கும் டிங்கி, பக்கத்தில் சிரித்தபடி இரண்டு பேர். மேலே “காணவில்லை” என்று ஹிந்தியிலும் தமிழிலும் போட்டு, கீழே அவள் நம்பரைச் சேர்த்து நாற்பது பிரதி எடுத்தேன்.

முதல் காகிதத்தைக் கையில் வாங்கியவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, டிங்கி இப்படி இருக்காதே. இது நீலமால்ல இருக்கு? நம்மளது பச்சைக்கா. அவரே பெயிண்ட் அடிச்சது.”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போன்ல பளிச்சுனு தெரியும்மா. பேப்பர்ல அப்படித்தான் வரும்” என்றேன். பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவள் சொல்வதை அவள் எப்படி மறுப்பாள்? காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஒன்றை மட்டும் என் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம், எனக்குப் பழக்கமான ஒரு பெங்காலி மீன்காரர் படம் எடுக்க வந்தார். அன்று காலைதான் கரை திரும்பியிருந்தார். கண்ணாடியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் கிடைத்துவிட்டார்களா என்று ஹிந்தியில் கேட்டார். இல்லை என்றேன். இந்தக் காகிதம் தன் படகிலும் இருப்பதாகச் சொன்னார். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார்:

“ஏக் டிங்கி தேகா தா, தீதி. லேகின் வோ ஹரா தா. யே தோ நீலா ஹை.”

ஒரு டிங்கியைப் பார்த்தாராம். ஆனால் அது பச்சை, இது நீலம். புதன்கிழமை, ஹேவ்லாக் தீவுக்கு அப்பால், ரொம்பத் தூரத்தில். யாரும் எழுந்து நிற்கவில்லை. வேறு யாரோ நங்கூரம் போட்டு மீன் பிடிக்கிறார்கள் என்று நினைத்து அவர் தன் வழியே போய்விட்டார்.

அவள் ‘பச்சைக்கா’ என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இதேதான், இதே பச்சைதான் என்றார். அங்கிருந்தபடியே போலீசுக்குப் போன் செய்து அவரையே பேச வைத்தேன்.

மறுநாள் மதியம் டிங்கி கிடைத்தது. தம்பி தார்ப்பாயில் தேங்கிய மழைத்தண்ணீரைக் குடித்து உயிரோடு இருந்தான். அவள் கணவர் வியாழக்கிழமையே இறந்துவிட்டார். புதன்கிழமை தூரத்தில் ஒரு படகு போனதென்றும், இருவருக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் படுத்தபடியே கையைத் தூக்கியதாகவும் ஆஸ்பத்திரியில் அவன் சொல்லியிருக்கிறான்.

தவறு என்னுடையதுதான் என்பதை அன்றே கண்டுபிடித்தேன். எடிட் செய்யும் சாஃப்ட்வேரிலிருந்து பிரிண்ட் கொடுக்கும்போது, நிறத்தைச் சரிசெய்வது சாஃப்ட்வேரா, பிரிண்டரா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்றை அணைத்துவிட வேண்டும். முந்தின வாரம் புது பிரிண்டர் மாட்டியபோது நான் அதை அணைக்க மறந்திருந்தேன். ஒரே திருத்தம் இரண்டு தடவை நடந்து, எல்லாப் படத்திலும் லேசாக ரோஸ் ஏறியிருக்கிறது. முகங்களில் அது உறுத்தவில்லை, களையாகக்கூடத் தெரிந்தது. அந்தக் கடல்பச்சையின் மேல் ஏறியபோது பச்சை போய் நீலமாகிவிட்டது. ஒரே ஒரு டிக். எடுத்துவிட்டு மறுபடி பிரிண்ட் கொடுத்தேன். பச்சையாக வந்தது.

பத்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள், பதினாறாம் நாள் காரியத்துக்குக் கணவரின் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட. சொல்லாமல் இருந்திருக்கலாம். மீன்காரர் பச்சை என்று சொன்னதெல்லாம் அவள் காதுக்குப் போயிருக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க முடியவில்லை. நடந்ததை முழுதும் சொன்னேன். அழுதது நான்தான், அவள் அழவில்லை.

“நான் அன்னைக்கே சொன்னேன்லக்கா” என்றாள்.

படம் வந்ததும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். ஒரு கையில் போன், மறு கையில் படம். கணவரின் சட்டையை, முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அதன்பின் நான் அவளைப் பார்க்கவில்லை.

படகு நிறம் சரியாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் என் கணவர். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொல்கிறார். இப்போது பிரிண்ட் கொடுக்குமுன் அந்த செட்டிங்கைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் என்னை உறுத்துவது அந்த டிக் இல்லை. தன் வீட்டுப் படகின் நிறம் தெரிந்த ஒருத்தி என் எதிரே நின்று இது இல்லை என்று சொன்னபோது, நிமிர்ந்து பார்க்க எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். அதை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.