நோவு விசாரிக்க வந்தவர்கள்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று என் மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள். அந்த வாயால் ஆறு மாதம் அவளிடமே பொய் சொன்னேன்.

ஜவ்வாது மலையில் எனக்கு வாத்தியார் வேலை. பள்ளிக்கூடத்தை ஒட்டியே வீடு. பிள்ளைகள் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு வயிற்றுவலி நிற்கவில்லை என்று கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். குணமாக்க முடியாத கட்டி. வெளியே வந்து, "வாயுத் தொந்தரவாம்" என்றேன். அவளும் சரி என்று எழுந்து வந்தாள்.

யாரிடமும் சொல்லாமல் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பள்ளி ஆண்டு விழாவுக்கு வருடாவருடம் நாடகம் எழுதுவது என் வேலை. வழக்கமாக மரம் நடு, படிப்பை விடாதே என்று எதையாவது எழுதித் தள்ளுவேன். அந்த வருடம், தீராத நோய் வந்த ஒருவனிடம் வீடே சேர்ந்து அதை மறைக்கிற கதையை எழுதினேன். நோயாளி வேஷம் எனக்கு. என் மனைவியாக நடித்தது சத்துணவு அமைப்பாளர் அம்மா. கடைசிக் காட்சியில் நான் சிரித்துக்கொண்டே, "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லவேண்டும்.

விழா மேடையில் சிரிப்பு வரவில்லை. குழந்தை போலத் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அம்மா வசனத்தை விட்டுவிட்டு என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி. வீட்டுக்குத் திரும்பும்போது, "வசனத்த மறந்துட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை பாதிச் சவரத்தில், முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கிறேன், வாசலில் நாலைந்து பேர். மேட்டுக் கொல்லைப் பக்கத்து ஆட்கள். ஒருவர் கையில் சாமை அரிசிப் பை, இன்னொருவரிடம் தேன் பாட்டில், ஒரு அம்மாவின் கக்கத்தில் கால் கட்டிய நாட்டுக்கோழி. மலையில் ஒரு வீட்டில் நோவு என்றால் யாரும் சொல்லியனுப்பக் காத்திருக்கமாட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் வந்து உட்கார்ந்து, முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். பன்னிரண்டு வருடமாக எனக்கு இது தெரியும். தெரிந்தும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது நாடகங்க. எனக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கேன்."

"நாடகம்னு தெரியும் சார்" என்றார் கோழிக்கார அம்மா. "நாங்க பாக்காத கூத்தா? இல்லாத நோவுக்கு அப்பிடி அழுவ வராது. எத்தினி நாளா இருக்குது?"

"வேற வேல இல்லியா உங்களுக்கு?" என்று கத்தினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

என் மனைவி உள்ளேயிருந்து டீ டம்ளர்களோடு வந்தாள். "நோவு அவருக்கு இல்லம்மா, எனக்கு" என்றாள்.

அவர்கள் பதறவில்லை. நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். மழை பற்றி, சாமைக்கதிர் பற்றிப் பேசினார்கள். வலி எங்கே, சோறு இறங்குகிறதா என்று கேட்டார்கள். ஆறு மாதத்தில் என்னிடம் சொல்லாததையெல்லாம் அவள் அவர்களிடம் சொன்னாள். நான் பாதி மழித்த முகத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினாள். "மாத்திர அட்டையில பேர சொரண்டிட்டுத் தர்றீங்களே, வாயு மாத்திரைக்கு எவனாவது பேர சொரண்டுவானா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க தாங்கமாட்டீங்க. சரி, டாக்டர் எத்தினி நாளுன்னாரு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "மருந்த ஒழுங்கா சாப்ட்டா ரெண்டு வருஷம்னாரு. அதுக்கு மேலயும் இருக்கலாமாம்."

"இன்னா சொன்னீங்க?"

திரும்பச் சொன்னேன். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாவி மனுசா. நீங்க மூடி மூடி வெக்கிறதப் பாத்துட்டு, இந்த மாசம் போயிடுவேன், அடுத்த மாசம் போயிடுவேன்னு இருந்தேன். தையில தங்கச்சி பொண்ணு கல்யாணம். பொடவ எடுக்க வாக்கான்னு சந்தவாசல்லேர்ந்து ரெண்டு தடவ ஃபோன் பண்ணா. கல்யாணத்துக்கு நான் எங்க இருக்கப்போறேன்னு வர்லன்னுட்டேன்."

வலியில்கூட அழாதவள் அப்போது அழுதாள். பயப்படக்கூடாது என்று நான் மறைத்து, அவளுக்கு இருந்த நாட்களையே இல்லாமல் பண்ணியிருக்கிறேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் கன்னத்தில் சோப்பு காய்ந்து இழுத்தது.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மொகத்தக் கழுவிக்கினு ஸ்கூலுக்கு லீவு சொல்லுங்க. தங்கச்சியையும் போளூருக்கு வரச் சொல்றேன். பொடவ எடுத்துட்டு வந்துடலாம்."