அறாத நரம்பு

மூடா ஆற்றின் அடியில் எத்தனை மரங்கள் விழுந்து கிடக்கின்றன என்பது என் கணவருக்குத்தான் தெரியும். அவருடைய தூண்டில் முள் குத்தாத மரம் அங்கே இல்லை. சனிக்கிழமை காலையில் சுங்கைப்பட்டாணியிலிருந்து கிளம்புவோம். மத்தியானத்துக்குள் முள், ஈயக்குண்டு எல்லாம் ஆற்றோடு போய்விடும்.

ஒருநாள் மனம் நொந்து கடைக்குப் போய், அறவே அறாத தூண்டில் நரம்பு வேண்டும் என்றார். கடைக்கார அங்கிள் பின்னல் நரம்பு ஒன்றைக் கொடுத்து, நுனியில் மெல்லிய நைலான் நரம்பை ஒரு முழம் கட்டச் சொன்னார். சிக்கினால் அந்த முழம் மட்டும் அறுமாம், மற்றது தப்பிக்குமாம். என் கணவர் அந்த நேரத்தில் நரம்பை இழுத்து இழுத்துப் பார்த்து, இதில் எருமையைக் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, முதல் வீச்சிலேயே முள் மாட்டியது. அவர் சிரித்தார். இனி வேடிக்கை பார் என்றார். கோல் வளைந்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை. கோலைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டி அதன்மேல் நரம்பைச் சுற்றிக்கொண்டு, தேர் இழுப்பவரைப்போல் பின்னால் நடந்தார்.

“விட்டுடுங்க லா. நரம்பு அறாது, நீங்கதான் அறுந்துடுவீங்க.”

“இரு, என்னமோ வருது.”

வந்தது. அவருடைய செருப்பு சேற்றிலேயே நின்றுவிட, அவர் பொத்தென்று உட்கார்ந்தார். தண்ணீருக்கு மேலே நான்கு கால்கள் எழுந்தன. முதலை என்று நினைத்து நான் காரை நோக்கி ஓடினேன். கட்டுண்டு கிடந்தவர், “என்னை விட்டுட்டா போற?” என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். பாசி படிந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி.

மீன் பிடித்தவரைப்போல் அதைக் கழுவினார். அப்போதுதான் அங்கிள் சொன்னதை அவருக்குச் சொன்னேன். பழைய நைலான் நரம்பை நுனியில் கட்டினேன். இரை தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே தொங்கும்படி மிதவை வைத்தேன். ஒருமுறை முள் மாட்டியது. இழுக்காமல் நரம்பைத் தளர்த்தி, கரையோரமாக மேலே நடந்து, எதிர்ப்பக்கமிருந்து மெல்லச் சுண்டினேன். தானாகக் கழன்றது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைநீளப் பாவுங் மீன் ஒன்றைப் பிடித்தேன்.

அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கோலை வாங்கிக்கொண்டார். முழு பலத்தோடு வீசினார். தண்ணீரில் ஒன்றும் விழவில்லை. பின்னல் நரம்பு தலைக்கு மேலிருந்த கிளையில் பல சுற்று சுற்றிக்கொள்ள, மிதவை எட்டாத உயரத்தில் ஆடியது. அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

“அடியில மாட்டலைல்ல?”

மாட்டவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அந்த உற்சாகத்தில் ஓங்கி இழுத்தார். நரம்பு அறவில்லை. கிளைதான் முறிந்து, முசுறு எறும்புக் கூட்டோடு அவர் தோளில் இறங்கியது.

வீடு வரும்வரை காரை நிறுத்தி நிறுத்திச் சட்டையை உதறினார். பாவுங்கை நான் மடியில் வைத்திருந்தேன். எங்கள் மூவரில் அதுதான் அமைதியாக வந்தது என்று சொன்னதற்கு, அன்று சாப்பிடும்வரை அவர் என்னோடு பேசவில்லை.