மேடையில்தான் எனக்குக் காது கேட்டது

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகத்துக்குப் போயிருந்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டு தீபிகா காலேஜில் படிக்கிறாள். அங்கே ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறார்கள். கதை, வசனம் எதையும் யாரும் எழுதுவதில்லையாம். வீடுகளில் நிஜமாகப் பேசிக்கொண்டதை வாங்கி, அப்படியே பேப்பரில் இறக்கி, ஒரு இருமலைக்கூட விடாமல் நடிப்பார்களாம். பேரை மட்டும் மாற்றிவிடுவார்களாம்.

"ஆன்ட்டி, உங்க போன்ல எல்லாம் ரெக்கார்ட் ஆகுதுல்ல? காமெடியா ஒண்ணு குடுங்களேன்" என்றாள்.

ஆமாம், என் போனில் யார் பேசினாலும் தானாகவே பதிவாகிவிடும். கடைக்காரர் அப்படி வைத்துக் கொடுத்துவிட்டார். எப்படி நிறுத்துவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காமெடி என்றதும் நினைவுக்கு வந்தது செல்விதான்.

செல்வி என் வீட்டுக்காரரின் தங்கை. வண்டியூரில் இருக்கிறாள். தினமும் காலையில் கூப்பிடுவாள். பேச்சை முடிக்க மட்டும் அவளுக்கு வராது. "சரி மதினி, வச்சிரட்டா?" என்பாள். "ம்" என்பேன். "வச்சிர்றேன்... அப்புறம் மதினி..." என்று மறுபடி தொடங்குவாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி உண்டா, இல்லையா?

ஒரு வெள்ளிக்கிழமைப் பேச்சை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேனா? இல்லை. செல்வியிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? அதுவும் இல்லை. "உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு, கெளம்பி வா" என்று அவளையும் நாடகம் போடுகிற பசுமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பட்டுப்புடவை வேறு!

மேடையில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி போனும் கையுமாக. இன்னொருத்தி முன்னால் குத்துவிளக்கு, பூத்தட்டு — அது நான். வெள்ளிக்கிழமை காலையில் அம்மனுக்கு நூற்றெட்டுப் போற்றி சொல்லிப் பூப் போடுவேன். நடுவில் செல்வி கூப்பிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்று ஒரு கெட்டிக்காரத்தனம்.

"சின்னவன் ரெண்டு நாளா சரியா சாப்புட மாட்டேங்குறான் மதினி."

"ம்... போற்றி."

"இந்த வெயில்ல மனுசன் எப்பிடி இருக்குறது?"

"தாயே போற்றி... ஆமா, ஆமா... போற்றி."

ஹால் குலுங்கியது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

"அடியாத்தி, இது நம்ம பேசுனதுல்ல!" செல்வி என் கையில் ஓர் அடி வைத்தாள். "நான் இம்புட்டா பேசுறேன்?" அவளும்தான் சிரித்தாள். ஒவ்வொரு 'வச்சிரட்டா'வுக்கும் கைதட்டல்.

அப்புறம் மேடையில் செல்வியாக நடித்த பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"குளிக்கையில கையில தட்டுப்பட்டுச்சு மதினி... மார்ல, கட்டி மாதிரி. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்லுது. அவர்கிட்ட இன்னும் சொல்லல. பயமாருக்கு. நீங்க கூட வாரீங்களா?"

"போற்றி... நல்லது, நல்லது... போற்றி."

அன்றைக்கு அதிகச் சிரிப்பு வாங்கிய இடம் அதுதான். எனக்கு விஷயம் உறைப்பதற்கு முன்னால், அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் கலந்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

செல்வி சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள் — அத்தனை பேரும் அங்கேயே பார்ப்பதுபோல.

நாடகம் முடிந்து தீபிகா துள்ளிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "ஆன்ட்டி... நீங்க கேட்டுட்டுத்தான் குடுத்தீங்கன்னு நெனச்சோம். ஸ்கேன்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு..."

அந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு வாய் ஏது? முன்பின் தெரியாத பிள்ளைகள் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். செல்வி யாரிடம் சொன்னாளோ, அவள்தான் கேட்கவில்லை.

வெளியே ஆட்டோவுக்கு நின்றோம்.

"ஸ்கேன் எடுத்தியா செல்வி?"

"இல்ல."

"ஏன்த்தா எங்கிட்ட திரும்பச் சொல்லல?"

"ஒருக்கா சொன்னதுக்கே நல்லது நல்லதுன்னுட்டீங்க. கேட்டுட்டுத்தான் ஒதுங்குறீங்கன்னு நெனச்சேன். வருத்தந்தான்... அதுக்காக ஒங்களக் கூப்புடாம இருக்க முடியுமா?" ஆட்டோ வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "காதுல விழலைன்னு இப்பத்தான் தெரியுது. அது வரைக்கும் மனசு ஆறுது மதினி. ஆனா... அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாங்களே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே அவளை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. மனுஷன் வெளியே பெஞ்சில் பித்துப் பிடித்ததுபோல உட்கார்ந்திருந்தார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஊசி மூலம் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

இதை எழுதிச் செல்விக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவையாவது கேட்க வேண்டாமா? இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். "பேர மட்டும் மாத்திருங்க மதினி. கெழவி பேரா வச்சுராதீங்க" என்றாள். 'செல்வி' அவளே தேர்ந்தெடுத்த பேர்.

நேற்று மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். செல்விக்கு ஒன்றும் இருக்கக் கூடாது தாயே என்று கைகூப்பி நின்றேன். நல்ல கூட்டம். சுற்றிலும் ஆளாளுக்கு ஒரு குறையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிய கையை இறக்காமல் அம்மன் முகத்தைப் பார்த்தேன்...

இத்தனை பேருக்கு நடுவே, நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்குமா?