எனக்காக இழுக்கப்பட்ட தேர்

தசைநோய் என் கைகால்களை முடக்கிய பிறகு, எனக்கு ஓர் உதவியாளரை நானே தேடி வேலைக்கு வைத்துக்கொள்ள ஜேர்மன் அரசு பணம் தருகிறது. அவர் எனக்காக என்னென்ன செய்தார் என்று வருடத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் விளக்க வேண்டும்.

என் உதவியாளர் ஒரு முன்னாள் லொறிச் சாரதி. ஜேர்மன்காரர், கதவு அகலத்துக்கு இருப்பார். அவரோடும் அக்காவோடும் ஜேர்மனியில் எங்கட ஆக்கள் கட்டிய ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தேன். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, இந்த ஆளை ஒருக்கால் வடம் பிடிக்க விடுறீரோ?"

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் உதவியாளர் சட்டையைக் கழற்றிவிட்டார். தேர் இருப்பிடத்துக்கு வந்த பிறகுதான் அவரும் வந்தார், நெற்றி நிறையத் திருநீறும் தோள் நிறைய வெயிற்சிவப்புமாக.

இதை அலுவலகத்தில் மறைக்காமல் சொன்னேன். அதிகாரி நிதானமான பெண்மணி. அது கோயிலுக்குச் செய்த வேலை, எனக்குச் செய்த உதவியல்ல என்றார். எனக்குச் சுருக்கென்றது. கரண்டி பிடிக்கவும் எனக்கு அவருடைய கைதான். அந்தக் கை வடம் பிடித்தால் பிடித்தது நான்தான் என்றேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நீங்கள் நலமாக இருந்திருந்தால் எவ்வளவு நேரம் இழுத்திருப்பீர்கள்?"

பக்கத்தில் இருந்த அக்கா முந்திக்கொண்டாள். "இவளோ? வடத்தைத் தொட்டுக் கும்பிட்டிட்டு மோர்ப் பந்தலுக்குப் போயிடுவாள்."

அதிகாரி மொழிபெயர்க்கச் சொன்னார். வேறு வழியில்லை, சொன்னேன். மோர் குடிக்கவும் உதவி வேண்டும்தானே என்று கேட்டு அவர் அதையும் குறித்துக்கொண்டார். கடைசியில் அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: நான் களைக்கும்வரை மட்டுமே உதவியாளர் இழுக்கலாம்.

அடுத்த கோடையில் அவர் வடத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திரும்பி, நான் களைத்துவிட்டேனா என்று கண்ணாலேயே கேட்டார். மர நிழலில், சக்கர நாற்காலியில் இருந்த நான் என் தோள்களை ஒருமுறை மனதுக்குள் விசாரித்துப் பார்த்தேன். இன்னும் தெம்பு இருந்தது. இழுங்கோ என்று தலையாட்டினேன்.