தறிக்குழியில் வந்த வெள்ளம்

எழுபதுகளில் நகரியில் நாங்கள் வீடு கட்டியபோது, ஆறு பக்கத்திலேயே இருந்ததால் தெருவைவிட ஒரு முழம் உயர்த்தித் தரை போட்டோம். போட்ட கையோடு என் வீட்டுக்காரர் உள்ளே இரண்டு முழ ஆழத்துக்குத் தறிக்குழி தோண்டினார். உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதிக்கக் குழி வேண்டுமே, நெசவுக்காரனுக்கு வேறு எப்படி வீடு கட்டத் தெரியும்? தலையில் அடித்துக்கொண்டேன். நெருப்புக்கென்று எடுத்த இன்சூரன்ஸில் வெள்ளத்தையும் சேர்க்கச் சொல்லி, சண்டை போட்டுத்தான் சாதித்தேன்.

ஓர் ஐப்பசி மழையில் தெருவுக்குத் தண்ணீர் வரும் முன்பே, நெய்துகொண்டிருந்த என் கால் சில்லென்றது. குழியில் ஊற்று கிளம்பியிருந்தது. உடனே தறியில் பூட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டி, மற்ற நூலையும் அரிசியையும் பரண்மேல் ஏற்றிவிட்டோம். சாயங்காலம் ஆறு தெருவுக்குள் வந்து, வாசற்படியைத் தாண்டி, வீட்டுக்குள் கணுக்கால் அளவு நின்றது. மறுநாள் வடிந்துவிட்டது. சுவர் விழவில்லை, ஓர் இழை நூல்கூட நனையவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

இவர் போய்ச் சொன்னதால் இன்சூரன்ஸ் ஆள் வந்து பார்த்தார். நஷ்டம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்: "கட்டுன பணமெல்லாம் வீணாப் போச்சே!"

குழியில் இறங்கிச் சேறு வாரிக்கொண்டிருந்த எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"உன் உயிருக்கும்தான் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டிக்கினு வர்றோம். அந்தப் பணம் இன்னும் கைக்கு வரலையேன்னு அழுவியாய்யா?"