பெயிண்ட் அடிக்காத ஒரு பொட்டு இடம்

என் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், இரண்டு நீள வயர் கட்டிய சின்ன பல்பு ஒன்று தொங்குகிறது. பழைய இண்டிகேட்டர் பல்பு. குப்பை என்று நினைத்து எடுத்துப்போட வருகிறவர்களின் கையைத் தட்டிவிடுவேன். அது எங்கள் வண்டி ஓட்டிய டிரைவர் பாய் வைத்திருந்த டெஸ்ட் பல்பு. எந்த வயரில் கரண்டு வருகிறது, எதில் வரவில்லை என்று அவருக்குச் சொன்னது அதுதான். பாய் மவுத்தான பிறகு அவர் மகன் கொண்டுவந்து, "வாப்பா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாவ" என்று கையில் வைத்தான்.

என் வீட்டுக்காரர் முக்கூடலில் ஒரு பிக்கப் வண்டியும், அதன் பின்னால் மாட்டி இழுக்கும் ஜெனரேட்டர் டிரெய்லரும் வைத்திருந்தார். கல்யாணம், கோயில் கொடை, எங்கள் சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை என்று சுற்றுவட்டாரத்துக்கு வெளிச்சம் அதிலிருந்துதான் போகும். அவர் போன பிறகு நானே நடத்துகிறேன் என்றேன். பீடி சுற்றின கைக்கு வண்டி எதற்கு என்று கொழுந்தனார் சிரித்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். அதற்காக யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை.

அந்த வருடம் அசனத்துக்கு டிரெய்லர் பளபளவென்று போக வேண்டும் என்று, ஆள் வைக்காமல் நானே பச்சைப் பெயிண்ட் அடித்தேன். போல்ட்டுகளையும் கழற்றி, அடியிலும் அடித்து, காய்ந்ததும் முடுக்கினேன். ஒரு பொட்டு இரும்பு வெளியே தெரியக் கூடாது என்று எனக்கு வீம்பு. "என்னக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரில்லா ஆக்கிட்டிய! இனிமே சேலை கட்டுறதுதான் பாக்கி" என்றார் பாய்.

புறப்படுகிற அன்று மத்தியானம், டிரெய்லரை மாட்டிப் பார்த்தால் பின்லைட்டுகளுக்குப் பேய் பிடித்திருந்தது. வலது இண்டிகேட்டரைப் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாகச் சிமிட்டின. பிரேக்கை மிதித்தால் எல்லாம் அணைந்தன. இருட்டில் திரும்பி வர வேண்டிய ரோடு. பின்னால் பைக்கில் வருகிறவன் உயிர் அந்த லைட்டில்தான் இருக்கிறது. எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, கொழுந்தனார் வந்து நின்றார். "பொம்பள கையில வண்டி நிக்காதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா மதினி. வித்துருவோம்." எனக்குச் சுருக்கென்றது. "பொழுது அடையுததுக்குள்ள லைட்டு ஒழுங்கா எரியலன்னா, நாளைக்கே ஆளக் கூட்டிட்டு வாரும். வித்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டேன். பாய் தலையில் கை வைத்தார். "ரோசத்துல வாயக் குடுத்திட்டியளே அக்கா!"

பாய் பதறுகிற ஆள் இல்லை. டெஸ்ட் பல்பின் ஒரு வயரை பேட்டரியின் மைனஸில் கவ்வவிட்டு, லைட்டுகளைப் போடச் சொல்லி, மறு வயரால் பிக்கப்பின் பின்புற சாக்கெட்டில் ஒவ்வொரு துளையாகத் தொட்டார். லைட்டுக்குப் போகும் துளை எல்லாவற்றிலும் எரிந்தது. வண்டிப் பக்கம் குற்றமில்லை. டிரெய்லர் பல்புகளை மாற்றினார், வயரை நிறம் நிறமாய் ஒத்துப் பார்த்தார். பேய் இறங்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "பாய், கரண்டு வயர் வழியாப் போவுது, சரி. எந்த வழியாத் திரும்பி வருது?" என்று கேட்டேன். "இரும்பு வழியாத்தான்க்கா. இந்த போல்ட்டுல..." என்று எர்த் வயர் முடுக்கியிருந்த இடத்தைக் காட்ட வந்தவர் விரலை மடக்கிக்கொண்டார்.

போல்ட்டின் அடியில் என் பச்சைப் பெயிண்ட் தோசை மாதிரி தடித்துக் கிடந்தது. கரண்டு இரும்பைத் தொட முடியாதபடி நானே கதவடைத்திருக்கிறேன். பாய் கொழுந்தனாரை ஓரக்கண்ணால் பார்த்து, "மழத்தண்ணி எறங்கித் துருப் புடிச்சிருக்கும்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான். அந்தக் காப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை. "பொய் சொல்லாதீரும் பாய். இது நான் அடிச்ச பெயிண்டு" என்றேன். கொழுந்தனார் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தியளா? அதான் சொன்னேன்!" "நல்லாச் சிரியும். அடிச்சவளுக்குச் சுரண்டவும் தெரியும்" என்று, பீடி இலை வெட்டுகிற கத்தரியை எடுத்துவந்து உட்கார்ந்தேன். பைய, பொறுமையாக, ஒரு ரூபாய் அகலத்துக்கு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினேன். பாய் வயரை வைத்து முடுக்கினார். வலது இண்டிகேட்டர் வலதில் மட்டும் சிமிட்டியது. பிரேக்கை மிதித்ததும் இரண்டு பக்கமும் சிவப்பு நின்று எரிந்தது. ஆற்றுப் பாலத்தை நாங்கள் தாண்டும்போது வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

இப்போதும் அசனத்துக்கு முன்னால் நான்தான் பெயிண்ட் அடிக்கிறேன். முதுகு வலிக்கிறது, வலிக்கட்டும். அந்தப் போல்ட்டின் அடியில் மட்டும் ஒரு ரூபாய் அகல இடத்தைத் தொடுவதில்லை. அடித்து முடித்ததும் ஆணியிலிருந்து பாயின் பல்பை எடுத்து, ஒரு வயரை பேட்டரியின் பிளஸிலும் மறு வயரை அந்தப் போல்ட்டிலும் வைப்பேன். கரி ஏறின கண்ணாடிக்குள் மஞ்சளாக எரியும். கொழுந்தனாரும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "எப்ப மதினி விக்கப் போறிய?" என்று வருசம் தவறாமல் கேட்கிறார். நான் வண்டியில் ஏறி வலது இண்டிகேட்டரைப் போட்டுவிடுவேன். அவர் நின்று பார்த்துவிட்டுப் போகிறவரைக்கும் அது சிமிட்டிக்கொண்டே இருக்கும்.