படகின் மூக்கில் உடைந்த தேங்காய்

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் நானும் என் கணவரும் பைபர் கிளாஸில் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தோம். அதற்கு முன் நான் தையல் வேலை பார்த்தவள். ரவிக்கை வெட்டிப் பழகிய கை என்பதால், தொட்டிக்கு வேண்டிய கண்ணாடி இழை விரிப்பையும் துண்டு வீணாகாமல் வெட்டுவேன். என் அளவு தப்பாது என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் எனக்கில்லை.

ஒருநாள் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பேராக் ஆற்றின் அக்கரையில் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகிறவர். அவருடைய மரப்படகு உளுத்துவிட்டது.

"ஒரு பிள்ளை பால் டின்னால தண்ணி எறைச்சுக்கிட்டே வருது தங்கச்சி. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஒன்னு செஞ்சு குடுத்தா போதும்லா" என்றார்.

படகு நமக்கு வருமா என்று என் கணவர் தயங்கினார். எனக்கென்ன தயக்கம்? "தொட்டியில தண்ணி உள்ள நிக்குது, படகுல வெளியே நிக்குது, அவ்வளவுதானே?" என்றேன்.

பழுப்புக் காகிதத்தில் நானே வரைந்தேன். மூக்கு கத்தி போலக் கூராக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதுதான் பார்க்க அழகு. என் கணவர் அந்த அளவுக்கு அச்சு செய்தார். அச்சின் உள்ளே முதலில் நீல வண்ணப் பூச்சு, அதன் மேல் இழை விரிப்பு, அதன் மேல் இழையில் ஊறி இறுகும் ரெசின் பசை, பிறகு உருளையால் அழுத்திக் காற்றை விரட்டுவது என்று அடுக்கடுக்காகச் செய்தோம். அச்சிலிருந்து கழன்று வந்தபோது படகு பளபளவென்று இருந்தது. அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

படகுக்காரர் லாரியோடு வந்தார். வெற்றிலை, சூடம், தேங்காய் எல்லாம் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் குங்குமம் வைத்தோம், சூடம் காட்டினோம். தேங்காயை வாசல் கல்லில் உடைப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஓங்கிப் படகின் மூக்கிலேயே போட்டார். தேங்காய் இரண்டாகப் பிளந்தது. மூக்கும் உள்வாங்கி ஓட்டையாகிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! "என்னண்ணே இது, படகுன்னு நெனச்சீங்களா, படிக்கட்டுன்னு நெனச்சீங்களா?" என்று கத்திவிட்டேன்.

மனிதர் வெலவெலத்துப் போனார். "எங்க மரப்படகுல மூக்குலதான் ஒடைப்போம் தங்கச்சி. இப்படி ஆவும்னு தெரியாம போச்சே. நானே கெடுத்துட்டேன்" என்று கண் கலங்கினார்.

என்ன சேதம் என்று பார்க்க டார்ச் அடித்தேன். ஓட்டைக்குள் இழை ரெசின் ஊறாமல் வெள்ளையாக, காய்ந்துபோய்க் கிடந்தது. அக்குளில் சரியாக உட்காராத சட்டைக்கை போல, அந்தக் கூரான மூலையில் விரிப்பு படியாமல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நீலப் பூச்சுக்குப் பின்னால் வெறும் காற்று. நாங்கள் படகு என்று நினைத்தது அந்த இடத்தில் முட்டை ஓட்டின் கனத்துக்குத்தான் இருந்தது. பிள்ளைகளை ஏற்றிப் போகும்போது ஒரு பாறையில் மோதியிருந்தால்? என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் உள்ளே பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

"உங்க மேல தப்பு இல்லண்ணே. நான் வரைஞ்ச மூக்குதான் தப்பு" என்றேன்.

படகுக்காரர் நம்பவில்லை. "கொஞ்சம் ஒட்டிக் குடுத்தா போதும் தங்கச்சி, பள்ளிக்கூடம் தொறக்கப்போவுது" என்று கெஞ்சினார்.

"ஒட்டித் தரமாட்டேன்லா. புதுசு செஞ்சு தாரேன்" என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே ரம்பத்தை எடுத்து அந்த மூக்கை அறுத்துப் போட்டேன். இல்லாவிட்டால் அதையே லாரியில் ஏற்றியிருப்பார்.

அச்சின் கூரான மூக்கில் மக்குப் பசை பூசி, அதை மழுங்கலாக உருட்டினோம். ரவிக்கைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டும் பட்டி போல, இழை விரிப்பை ஒடுங்கிய பட்டிகளாக வெட்டி அந்த வளைவில் ஒவ்வொன்றாகப் படியவைத்தேன். புதுப் படகு வந்ததும் என் கணவர், "வாத்து மாதிரில்ல இருக்கு" என்று கேலி செய்தார். "வாத்து முழுகிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

பள்ளி திறந்த அன்று நானும் ஆற்றுக்குப் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. நான் செய்த படகில் நான் ஏறாமல் வேறு யார் ஏறுவது என்று முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகள் பையோடு ஏறினார்கள். அக்கரையை நெருங்கும்போது தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறை ஒன்றில் மூக்கு டமார் என்று மோதியது. பிள்ளைகள் அலறினார்கள். குனிந்து உள்ளே பார்த்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையேறி மூக்கைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல், அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பள்ளிக்கு ஓடினார்கள். நான் மட்டும் அந்த முதல் படகை நினைத்துக்கொண்டு, கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு எத்தனையோ படகுகள் செய்துவிட்டோம். என் திமிர் ஒன்றும் குறைந்துவிடவில்லை; என் வேலையில் யாராவது கை வைத்தால் இன்றைக்கும் முதலில் கத்தத்தான் செய்கிறேன், ஆனால் கத்திக்கொண்டே டார்ச்சைத் தேடுகிறேன்.